காசை எடுக்கும் முன் கார்ட்ரிட்ஜை எடுங்கள்!

ஆடிக் காற்று கிளம்பியதிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் பல ஊர்களிலிருந்தும் பிரிண்டர் கேள்விகள் குவிகின்றன. கல்லூரிச் சேர்க்கை, வருமானச் சான்றிதழ், பட்டா நகல் என்று எல்லோரும் காகிதம் கேட்கும் நேரத்தில்தான் கார்ட்ரிட்ஜும் மக்கர் பண்ணுகிறது. ஆகவே இந்த முறை பதில்கள் அத்தனையும் இங்க்ஜெட்டுக்கே.

நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய பிரிண்டர், இன்று காலை 'இ05' என்று காட்டிவிட்டு நிற்கிறது. சர்வீஸ் கடையில் கேட்டால் "கார்ட்ரிட்ஜ் போச்சு, புதுசு போடுங்க" என்கிறார்கள். நிஜமாகவே போய்விட்டதா?
– ஜெராக்ஸ் கடைக்காரர், கம்பம்

நேற்று வரை அச்சடித்த கார்ட்ரிட்ஜ் ராத்திரியோடு ராத்திரியாகச் சாவது அபூர்வம். கேனான் எம்.ஜி.2500 வரிசை பிரிண்டர்களில் இ05 என்றால் 'கார்ட்ரிட்ஜை அடையாளம் காண முடியவில்லை' என்று பொருள். மை தீர்ந்ததைச் சொல்ல வேறு எண்கள் இருக்கின்றன.

பிரிண்டர் அடையாளம் காண்பது கார்ட்ரிட்ஜின் முதுகில் பொன்னிறத்தில் மின்னும் செம்புப் புள்ளிகள் வழியாக. அவற்றின்மேல் விரல் பிசுக்கோ, காய்ந்த மையோ, கடை வாசல் புழுதியோ ஒரு பொட்டு படிந்தாலும் தொடர்பு அறுந்துவிடும். மூடியைத் திறந்து கார்ட்ரிட்ஜைக் கழற்றுங்கள். கண்ணாடி துடைக்கும் துணியின் ஒரு மூலையை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, புள்ளிகளை மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடையுங்கள். அடியில் இருக்கும் நாசில் (மை தெளிக்கும் துளை) தகட்டில் துணி படக் கூடாது. பட்டால் அங்கிருக்கும் மை புள்ளிகள்மேல் இழுபடும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரிண்டருக்குள் அந்தப் புள்ளிகளோடு முட்டும் ஊசிகளையும் அதேபோல் ஒற்றி எடுங்கள்.

பத்து நிமிடம் காயவிட்டு, 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை உள்ளே தள்ளுங்கள். இடது பக்கம் கலர், வலது பக்கம் கறுப்பு. கார்ட்ரிட்ஜ் அரைமணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம், நாசில் காய்ந்துவிடும். இதை இரண்டு தடவை செய்தும் இ05 போகவில்லை என்றால் அவர்கள் சொன்னது சரி, புதியதை வாங்குங்கள். காசை எடுக்கும் முன் கார்ட்ரிட்ஜை ஒருமுறை எடுத்துப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்வது.

டிஸ்டில்டு வாட்டருக்கு எங்கே போவது? குழாய்த் தண்ணீரில் துடைத்தால் ஆகாதா?
– இல்லத்தரசி, ஆண்டிபட்டி

ஆகாது அம்மா. குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் காய்ந்தால் உப்புத் தடம் விடும். செம்புப் புள்ளிமேல் அந்த உப்பே புது அழுக்கு. வண்டி பேட்டரி விற்கும் கடையில் கேளுங்கள், பாட்டிலாகவே தருவார்கள். பேட்டரி ஆசிட்டும் அதே அலமாரியில்தான் இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

புது கார்ட்ரிட்ஜ் போட்டேன். வெள்ளைத் தாள் வெள்ளையாகவே வெளியே வருகிறது!
– தையல் கடைக்காரர், பெரியகுளம்

டேப்பை உரித்தீர்களா? நாசிலை மூடியிருக்கும் அந்த மெல்லிய டேப்பை மறப்பவர்கள் ஏராளம். உரிக்கும்போது அதன் காதைப் பிடித்து மெதுவாக இழுங்கள். செம்புப் பட்டையைச் சேர்த்துப் பிய்த்துவிட்டால் மை நிரம்ப இருந்தும் அந்தக் கார்ட்ரிட்ஜ் உதவாது.

ரீஃபில் செய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் 'மை தீர்ந்தது' என்று இ13, இ16 மாறி மாறி வருகிறது. ரீஃபில் செய்தவர் ஏமாற்றிவிட்டாரா?
– இ-சேவை மையம் நடத்துபவர், சின்னமனூர்

அவர்மேல் சந்தேகம் வேண்டாம். இந்த வகைப் பிரிண்டருக்கு மையைப் பார்க்கும் கண் கிடையாது. எத்தனை துளி தெளித்தோம் என்று எண்ணி, 'இவ்வளவு தீர்ந்திருக்கும்' என்று கழித்துக்கொண்டே போகும். நீங்கள் சிரிஞ்சில் மை ஏற்றிய விஷயம் அதற்குத் தெரியாது. அதன் கணக்கில் காலி. உங்கள் கையில் கனம்.

கேனானில் ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடியுங்கள். அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மை கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அச்சடிக்கத் தொடங்கும். எச்.பி. டெஸ்க்ஜெட்டில் 'மை குறைவு' என்ற செய்திக்கு ஓகே கொடுத்தாலே பெரும்பாலும் வேலை நடக்கும். அதன்பிறகு மையைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுடையது. எழுத்து வெளிற ஆரம்பித்த உடனே நிறுத்திவிடுங்கள். உங்கள் கடையில் அடிப்பது கியூஆர் குறியீடு உள்ள சான்றிதழ். குறுக்கே ஒரு கோடு விட்டுப்போனால் ஸ்கேன் ஆகாமல் அந்த மனிதர் தாலுகா ஆபீசிலிருந்து திரும்பி வர வேண்டியிருக்கும்.

மை வெளிறிய பிறகும் அச்சடித்தால் அப்படி என்ன கெட்டுவிடும்?
– கல்லூரி மாணவி, போடிநாயக்கனூர்

கருகிவிடும், அம்மா. உவமைக்குச் சொல்லவில்லை. எச்.பி., கேனான் சிறிய கார்ட்ரிட்ஜ்களில் மையைத் தள்ளுவது சூடு. ஒவ்வொரு நாசிலுக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹீட்டர். மின்சாரம் பாய்ந்ததும் அதையொட்டிய மை கண் இமைப்பதற்குள் கொதித்துக் குமிழியாகும். குமிழி துளியை வெளியே தள்ளும். 1977-ல் ஜப்பானில் கேனான் ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசிமேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட, ஊசி முனையிலிருந்து மை பீய்ச்சியடித்தது. அங்கிருந்து கிளைத்த நுட்பம் இது. எச்.பி. 1984-ல் திங்க்ஜெட்டையும், கேனான் 1985-ல் பிஜே-80 பிரிண்டரையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன.

அந்த ஹீட்டரை அளவுக்கு மீறிச் சூடு ஏறாமல் காப்பாற்றுவதும் அதே மைதான். மை இல்லாமல் ஓட்டினால் ஹீட்டர் எரிந்துபோகும். பிறகு எத்தனை மில்லி ஊற்றினாலும் அந்த நாசில் எழுதாது. எப்சனில் சூடு கிடையாது. மின்சாரம் பட்டால் நெளியும் பீசோ படிகம் மையை அமுக்கித் தள்ளுகிறது. எப்சனில் ஹெட், அதாவது மை தெளிக்கும் பாகம், பிரிண்டரோடு நிரந்தரமாக இருப்பது; சின்ன எச்.பி.யிலோ அது கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. ஆகவே நம் ஊரில் புழங்கும் சின்ன எச்.பி.யில் கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் சேர்ந்து புதிதாகும். எப்சனில் ஹெட் போனால் பிரிண்டரின் விலையை நினைத்துப் பார்க்கும் அளவுக்குச் செலவு வைக்கும்.

துபாயில் இருக்கும் எங்கள் அத்தா ஊருக்கு வரும்போது ஒரிஜினல் கார்ட்ரிட்ஜே வாங்கி வந்தார். உருவம் அச்சு அசலாக ஒன்றுதான். பிரிண்டர் ஏற்க மாட்டேன் என்கிறது.
– பட்டதாரி, உத்தமபாளையம்

உருவம் ஒன்று, ஊர் வேறு. எச்.பி. ஒரே பிரிண்டருக்கு ஊருக்கு ஓர் எண் போட்டுக் கார்ட்ரிட்ஜ் விற்கிறது. டெஸ்க்ஜெட் இங்க் அட்வான்டேஜ் 2135 பிரிண்டருக்கு நம் பக்கம் 680. வளைகுடா நாடுகளில் 652. சிப்பில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டுப் பிரிண்டர் கதவைச் சாத்திவிடுகிறது. ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்ற பிரச்சினையே இல்லை. பில் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அத்தா பேரீச்சம்பழம் கொண்டுவந்தால் போதும். கார்ட்ரிட்ஜ் இங்கேயே கிடைக்கும்.

இங்கே வாங்கும்போதும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 678, 680, 803 மூன்றும் ஒரே சாயல். பிரிண்டரின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் தப்பு நடக்காது.

நாளைக்கு புராஜெக்ட் கொடுக்க வேண்டும். கலர் கார்ட்ரிட்ஜ் பிழை காட்டுவதால் கறுப்பும் அச்சாகவில்லை. கடையெல்லாம் பூட்டியாச்சு. உதவுங்கள் சார்!
– பொறியியல் மாணவர், தேனி

எச்.பி. டெஸ்க்ஜெட் என்றால் கலர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துவிட்டு மூடியைச் சாத்து, தம்பி. பெரும்பாலான சிறிய டெஸ்க்ஜெட்களில் ஒற்றைக் கார்ட்ரிட்ஜில் ஓடும் வசதி இருக்கிறது. கறுப்பு மட்டும் வைத்து முழு புராஜெக்டையும் அடித்துவிடலாம். கழற்றிய கார்ட்ரிட்ஜை நாசில் எதிலும் படாமல் ஒரு டப்பாவில் மூடி வை. கேனான் எம்.ஜி.2500 வரிசையில் இது நடக்காது. அதற்கு இரண்டும் உள்ளே இருந்தாக வேண்டும்.

இதே வித்தையால் குற்றவாளியையும் பிடிக்கலாம். எந்தக் கார்ட்ரிட்ஜ் கோளாறு என்று பிரிண்டர் சொல்லாவிட்டால், ஒன்றைக் கழற்றிப் பார். பிழை போனால் கழற்றியதுதான் ஆள்.

வருஷம் முழுக்க ஒழுங்காக இருக்கும் பிரிண்டர் ஆனி, ஆடியில் மட்டும் அடைத்துக்கொள்வது ஏன்?
– ஸ்டூடியோ உரிமையாளர், கூடலூர்

காற்றாலையைச் சுற்றவைக்கும் காற்றுக்கு நாசிலைக் காயவைப்பது பெரிய வேலையா? தலைமுடியைவிட மெல்லிய துளை அது. ஆனால் காற்றை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காற்றில் புழுதி வருகிறது, கரண்ட் போய்ப் போய் வருகிறது. அந்த இரண்டாவதுதான் பெரிய வினை.

பிரிண்டரை அதன் பட்டனில் அணைத்தால் ஹெட் ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடிமேல் உட்கார்ந்துகொள்ளும். மை காயாமல் இருக்க அதுதான் காப்பு. சுவர் ஸ்விட்சில் அணைத்தாலோ, அச்சு நடுவில் கரண்ட் போனாலோ ஹெட் நடுவழியில் திறந்தபடி நிற்கும். ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தால் காலையில் அடைப்புதான்.

ஆகவே மூன்று பழக்கங்கள். முதலாவது, கடை பூட்டும்போது பிரிண்டர் பட்டனை அழுத்தி, விளக்கு அணைந்த பிறகே சுவர் ஸ்விட்ச். இரண்டாவது, கரண்ட் போய் வந்தால் பிரிண்டரை ஒருமுறை போட்டு, ஹெட் ஓரம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு அணையுங்கள். மூன்றாவது, வாரம் ஒரு நாள் கலரில் ஒரு நாசில் செக் (எல்லாத் துளைகளும் எழுதுகின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு). வாசலுக்கு நேரேயும் ஃபேனுக்கு அடியிலும் பிரிண்டர் வேண்டாம். ராத்திரியில் ஒரு துணி போட்டு மூடுங்கள்.

அடைத்துப்போன கார்ட்ரிட்ஜை வெந்நீரில் போடலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். போடட்டுமா?
– பிளஸ் டூ மாணவர், வீரபாண்டி

முழுக்காட்டாதே தம்பி, செம்புப் புள்ளிகள் நனையும். ஒரு தட்டில் டிஷ்யூவை மடித்து வைத்து, கை பொறுக்கும் சூட்டில் டிஸ்டில்டு வாட்டர் தெளி. நாசில் மட்டும் படும்படி கார்ட்ரிட்ஜை அதன்மேல் இரண்டு நிமிடம் உட்கார வை. பிறகு காய்ந்த டிஷ்யூவில் ஒற்றிப் பார். கலர் கார்ட்ரிட்ஜ் என்றால் மூன்று நிறக் கோடுகள் தனித்தனியாகப் பதிய வேண்டும். கறுப்பு என்றால் ஒரு கோடு. மூன்றில் ஒன்று வரவில்லை என்றால் இன்னொரு முறை. கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சேறாகப் பதிந்தால் ரீஃபில் செய்தபோது அளவுக்கு மீறி ஊற்றியிருக்கிறார்கள். வழிந்த மை தொடர்புப் புள்ளிகளை எட்டினால் அடுத்து பிழைச் செய்திதான். இந்த வைத்தியம் ஹெட்டோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜுக்கு மட்டுமே.

கார்ட்ரிட்ஜைக் குலுக்கினால் கொஞ்சம் மை இறங்குமா?
– பலசரக்குக் கடைக்காரர், தேவாரம்

குலுக்க வேண்டியது லேசர் பிரிண்டரின் டோனரை. இங்க் கார்ட்ரிட்ஜைக் குலுக்கினால் மைக்குப் பதில் காற்றுக் குமிழி இறங்கி நாசிலை மறிக்கும்.

இங்க் டேங்க் பிரிண்டரில் நீலக் கோடு விட்டு விட்டு வருகிறது. ஆறு தடவை ஹெட் கிளீனிங் கொடுத்துவிட்டேன். டேங்கில் மை இறங்கியதுதான் மிச்சம்.
– டி.டி.பி. சென்டர் நடத்துபவர், சின்னமனூர்

கிளீனிங் கொடுப்பது என்றால் மையை உறிஞ்சி உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சில் கொட்டுவது. ஆறு தடவையும் உங்கள் காசுதான் கொட்டியிருக்கிறது. எப்சன் தன் கையேட்டிலேயே மூன்று தடவைக்கு மேல் தொடர வேண்டாம், அணைத்துவிட்டு 12 மணி நேரம் விடுங்கள் என்கிறது. காரணம் இருக்கிறது: குழாயில் காற்றுக் குமிழி மாட்டியிருந்தால் பொறுத்தால்தான் அது மேலேறும், காய்ந்த மை ஊறவும் நேரம் வேண்டும். ராத்திரி அணையுங்கள், காலையில் ஒரு நாசில் செக், ஒரே ஒரு கிளீனிங். டேங்கில் மை கீழ்க்கோட்டுக்குக் கீழே போக விட்டிருந்தால் முதலில் நிரப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் மெக்கானிக்.

மேகமலை எஸ்டேட் ஆபீசுக்குப் பழைய எப்சன் எல்210 ஒன்றை மதுரையிலிருந்து பஸ்சில் கொண்டுவந்தோம். மை நிறைய இருந்தும் எழுத்தே விழவில்லை.
– கணக்கர், ஹைவேவிஸ்

டேங்க் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறதா பாருங்கள். எல்110, எல்210 போன்ற பழைய மாடல்களில் தூக்கிக்கொண்டு போகும்போது மை ஒழுகாமல் இருக்க டிரான்ஸ்போர்ட் லாக் உண்டு. பஸ் ஏற்றும் முன் பூட்டியவர் இறக்கிய பிறகு திறக்க மறந்திருப்பார். அச்சு நிலைக்குத் திருப்புங்கள், ஒரு கிளீனிங் கொடுங்கள். அடுத்த முறை மலை இறங்கும்போது மறுபடி பூட்டிவிட்டு, சாயாமல் மட்டமாக வைத்துக் கொண்டுபோங்கள்.

சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிகின்றன. ரீசெட் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் லேப்டாப்போடு வந்து நிற்கிறார். போடச் சொல்லலாமா?
– ஜெராக்ஸ் கடைக்காரர், பங்களாமேடு, தேனி

பஞ்சை மாற்றித் தருவாரா என்று கேளுங்கள். மாற்றுவார் என்றால் போடச் சொல்லுங்கள். எப்சனில் விளக்குகள் மாறி மாறி எரிவதற்கு முக்கியக் காரணம் கழிவு மைப் பஞ்சு நிரம்பும் கட்டம் வந்துவிட்டது என்பது. கேனானில் இதையே இ08 என்று முன்கூட்டிச் சொல்லும். இங்கேயும் பிரிண்டர் பஞ்சைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இத்தனை கிளீனிங், இத்தனை பக்கம் என்ற எண்ணிக்கைதான். ரீசெட் மென்பொருள் அந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும். பஞ்சில் ஊறிய மை அப்படியே இருக்கும். பஞ்சை மாற்றாமல் இரண்டு முறை ரீசெட் போட்டவர் மேஜையில் மை ஆறாக ஓடும். கீழே சான்றிதழ் கட்டு இருந்தால் அதுவும் போகும்.

பன்னீர் திராட்சைப் பெட்டிக்கு வீட்டுப் பிரிண்டரிலேயே லேபிள் அடித்தோம். காலைப் பனி பட்டதும் எழுத்து கரைந்து ஓடுகிறது. கார்ட்ரிட்ஜ் கோளாறா?
– திராட்சை விவசாயி, காமயகவுண்டன்பட்டி

கார்ட்ரிட்ஜ் நல்லவர், மைதான் தண்ணீருக்கு இளகுபவர். இங்க்ஜெட் மையில் இரண்டு வகை. சாயம் தண்ணீரில் கரைந்திருப்பது டை மை; படத்துக்கு அழகு, ஈரத்துக்கு ஆகாது. நுண்ணிய நிறமித் துகள் மிதப்பது பிக்மென்ட் மை. காகிதத்தின்மேல் ஒட்டி நிற்கும். எப்சன் 664, 003 பாட்டில்களில் கறுப்பும் டை மைதான். கேனான் ஜி.ஐ.790, எச்.பி. ஜி.டி.53 பாட்டில்களில் கறுப்பு பிக்மென்ட். எழுத்தை மட்டும் கறுப்பில் அடிப்பதாக இருந்தால் அவை தாங்கும். ஒரு வகைக்குரிய பிரிண்டரில் இன்னொரு வகையை ஊற்றிவிடாதீர்கள். ஹெட் அடைத்து, பிறகு என்னிடம் இன்னொரு கடிதம் வரும்.

உங்கள் கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. அந்தப் பேரைத் தாங்கும் லேபிள் பனிக்குக் கரையக் கூடாது. பெட்டி நிறையப் போகிறது என்றால் லேசரில் அடியுங்கள், அல்லது பிரஸ்ஸில் கொடுத்துவிடுங்கள்.

பிரிண்டர் 'அப்டேட்' கேட்டது, சரி என்றேன். மறுநாளிலிருந்து வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜை ஏற்க மறுக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பிரிண்டரில் எந்த மை ஊற்றுவது என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும்?
– ஏலக்காய் வியாபாரி, போடிநாயக்கனூர்

நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கேள்வியை உலகம் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிப்போடு பிரிண்டரின் உள்மென்பொருள் பேசும். பதில் திருப்தியாக இல்லை என்றால் அச்சடிக்காது. அந்தக் கேள்விகளை அப்டேட் வழியாகப் பின்னாளில் மாற்ற முடியும் என்பதுதான் வம்பு. எச்.பி. இதை 'டைனமிக் செக்யூரிட்டி' என்கிறது. 2016 செப்டம்பரில் ஆபீஸ்ஜெட் புரோ பிரிண்டர்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை மறுத்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. இந்தக் கட்டுப்பாடுகளை வாங்குபவருக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2017 மே மாதம் லெக்ஸ்மார்க் வழக்கில், விற்றுவிட்ட கார்ட்ரிட்ஜின்மேல் காப்புரிமையைக் காட்டி ரீஃபில் விற்பவரை மறிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

2022 தொடக்கத்தில் நடந்ததையும் கேளுங்கள். உலகெங்கும் சிப் தட்டுப்பாடு. கேனானுக்கே தன் டோனர்களில் வைக்கச் சிப் கிடைக்கவில்லை. சிப் இல்லாமல் விற்றுவிட்டு, ஜெர்மனி வாடிக்கையாளர்களிடம் 'எச்சரிக்கை வந்தால் மூடிவிட்டுத் தொடருங்கள்' என்று கம்பெனியே வழி சொன்னது. சிப் இல்லாமலும் அச்சு வந்தது.

கம்பெனிகள் தரத்தையும் பாதுகாப்பையும் காரணமாகச் சொல்கின்றன. அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள நமக்கும் உரிமை உண்டு. இப்போது செய்ய வேண்டியது: பிரிண்டர் செட்டிங்கில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்துங்கள். கார்ட்ரிட்ஜ் விற்றவரிடம் புது சிப் வைத்த சரக்காக மாற்றிக் கேளுங்கள். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது, வெளிக் கார்ட்ரிட்ஜைத் தடுக்கும் அம்சம் இருக்கிறதா என்று பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

ரீஃபில் செய்தாலே வாரண்டி போய்விடும் என்கிறார்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உத்தமபாளையம்

அப்படி ஒரே அடியாகச் சொல்ல முடியாது அய்யா. உதாரணத்துக்கு எச்.பி.யின் வாரண்டி வாசகம்: ரீஃபில் கார்ட்ரிட்ஜ் பயன்படுத்தியதாலேயே வாரண்டி போகாது, அந்த மையால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்குக் கட்டணம் உண்டு. ஸ்கேனர் கெட்டதற்கும் ரீஃபிலுக்கும் முடிச்சுப் போட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கடைக்கு எந்தப் பிரிண்டர்? மலிவானது எது?
– புதிதாகக் கடை திறப்பவர், கோம்பை

பிரிண்டரின் விலையைப் பார்க்காதீர்கள், பக்கத்தின் விலையைப் பாருங்கள். எச்.பி. 680 கறுப்பு சுமார் 480 பக்கம், கலர் 150 பக்கம் என்று கம்பெனியே சொல்கிறது. எப்சன் 003 கறுப்பு பாட்டில் ஒன்றுக்கு 4,500 பக்கம். கடையில் கேட்ட விலையை இந்த எண்ணால் வகுங்கள். விடை உங்கள் கையிலேயே வந்துவிடும். இவை ஒரே தரமான சோதனைத் தாளை அடித்து எடுக்கும் கணக்கு. முழுப்பக்கப் படம் அடித்தால் இதில் கால்வாசிகூட வராது.

தினமும் அச்சு ஓடும் கடைக்கு இங்க் டேங்க். மாதத்தில் நாலு தாள் அடிக்கும் வீட்டுக்கு, அடைத்தாலும் ஹெட்டோடு மாற்றிவிடக்கூடிய கார்ட்ரிட்ஜ் வகை. கறுப்பு மட்டும், அதுவும் எப்போதாவது என்றால் லேசர்; டோனர் பொடி காய்ந்துபோவதில்லை.

காலிக் கார்ட்ரிட்ஜ்கள் ஒரு சாக்கு சேர்ந்துவிட்டன. குப்பையில் போடலாமா?
– கல்லூரி அலுவலக ஊழியர், போடிநாயக்கனூர்

கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் சேர்த்தி. திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டியது தயாரிப்பாளரின் கடமை. சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். காலிக் கார்ட்ரிட்ஜ் வாங்க வருபவர்களிடம் கொடுப்பதானால் எண்ணின்மேல் பேனாவால் குறுக்கே கோடு போட்டு, பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்துவிடுங்கள். உங்கள் காலிப் பெட்டியிலேயே போலி மை வந்து இன்னொருவர் தலையில் விழ வேண்டாம்.

எல்லாவற்றையும் நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டால், பத்து வருஷமாக ரீஃபில் கடை வைத்திருக்கும் எங்கள் பிழைப்பு என்ன ஆவது?
– ரீஃபில் கடைக்காரர், தேனி

பெருகும் அண்ணே. துடைத்துப் பார்க்கத் தெரிந்தவர் உங்களிடம் வரும்போது உண்மையான பழுதோடு வருவார். பஞ்சு மாற்றுவது, பம்ப் பிரிப்பது, எப்சன் ஹெட்டைக் கழற்றி ஊறவைப்பது, சிப் மாற்றுவது எல்லாம் உங்கள் கைக்கு மட்டுமே வரும் வேலை. அதற்குரிய கூலியைத் தயங்காமல் கேளுங்கள். மதுரைக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு அலையாமல் இந்தப் பள்ளத்தாக்கு ஜனம் வேலையை முடித்துக்கொள்வது உங்களைப் போன்றவர்களால்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். வேலை தொடங்கும் முன் ஒரு நாசில் செக், முடித்த பிறகு ஒரு நாசில் செக். இரண்டு தாளிலும் தேதி போட்டு, பில்லோடு பின் அடித்துக் கொடுங்கள். எதற்குக் காசு கொடுத்தோம் என்று வாடிக்கையாளருக்குக் கண்ணால் தெரியும். பக்கத்துக் கடைக்காரரின் பிரிண்டர் நிற்கும்போது அந்தத் தாளைக் காட்டித்தான் உங்கள் கடைக்கு வழி சொல்வார்.